சோப்புப் பாட்டிலில் ஒரு கோடு

பென்சிலால் காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள். அது எப்படி அங்கே ஒட்டிக்கொண்டது என்று யோசித்திருக்கிறீர்களா? பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட். கிராஃபைட் ஒரே கட்டி இல்லை, தாள்கட்டு. கூட்டமான பஸ்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பம், கையை இறுகக் கோத்திருக்கிறார்கள். அடுத்த வரிசையில் இன்னொரு குடும்பம். இரண்டு குடும்பங்களுக்கும் அறிமுகம் இல்லை, முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். பஸ் திரும்பும்போது குடும்பம் பிரியாது, வரிசைதான் வழுக்கிக்கொண்டு போகும். பென்சில் கோடு என்பது அப்படிக் காகிதத்தில் இறங்கிவிட்ட சில குடும்பங்கள்.

ஒரே ஒரு வரிசையை மட்டும் தனியாக உரித்து எடுத்தால் அதற்குப் பெயர் கிராஃபீன். உலகத்தில் அதைவிட மெல்லிய தாள் இருக்க முடியாது, ஏனென்றால் அதன் தடிமன் ஒரு அணு. பேட்டரித் தகட்டில் கொஞ்சம் கலந்தால் மின்சாரம் தடங்கல் இல்லாமல் ஓடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற இன்னொரு கறுப்புத் தூளும் இதே மாதிரி தாள்கட்டுதான். அதன் தாள்களுக்கு மேலும் கீழும் கந்தக அணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் போட்டால் உராய்வு காணாமல் போய்விடும்.

உரிப்பதற்கு நான் வைத்திருந்த இயந்திரம் எங்கள் வீட்டு மிக்ஸி.

சிரிக்காதீர்கள். தண்ணீர், கிராஃபைட் தூள், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், மூன்றையும் மிக்ஸியில் ஓட்டினால் தண்ணீரின் இழுப்பில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரியும். பிரிந்த தாள்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் போய் உட்காருவதுதான் சோப்பின் வேலை. அதன் ஒரு முனைக்குத் தாளைப் பிடிக்கும், மறு முனைக்குத் தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் செய்கிற அதே வேலை.

அதற்கு முன்னால் பத்து வருடம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு வேலை. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைத்து, எத்தனை எடையில் உடைந்தது என்று எழுத வேண்டும். இந்த உரிப்பு வேலைக்காக ஒரு வருட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். இந்தக் கதை நடக்கிற வாரத்தோடு விடுப்பு முடிகிறது. திங்கட்கிழமை வந்து சேருகிறீர்களா, இல்லையா என்று ஆலையிலிருந்து கடிதம் வந்து மேஜையில் கிடந்தது. கணவருக்குக் கப்பலில் வேலை. கடலிலிருந்து, “உனக்கு எது சரின்னு படுதோ செய்” என்று பெரிய உதவியாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது நானும் மாமாவும் அத்தையும்.

மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் இன்னும் இரண்டு லிஃப்ட் மோட்டார்களை வைத்துக்கொண்டு, “ஒரு நாள் தேவைப்படும்” என்பார். தடிமனான துண்டுகளை அடியில் படியவைக்க எனக்கு வேகமாகச் சுற்றும் கருவி வேண்டும் என்றதும், பழைய வாஷிங் மெஷினின் துணி பிழியும் தொட்டியில் எட்டுப் பாட்டில்களைக் கட்டி அன்றைக்கே செய்து கொடுத்தவர் அவர். அது ஓடும்போது கொட்டகையே ஒரு அடி நகரும். வீட்டில் பாத்திரம் கழுவுவதும் அவர்தான், ஓய்வுபெற்ற நாளிலிருந்து. ஆனால் மேலதிகாரி அத்தை.

வண்டிக் கம்பெனி ஒன்று என் தூளைக் கேட்டிருந்தது. சாமான் கொண்டுபோகும் சின்ன பேட்டரி வண்டிகள் செய்கிறவர்கள். பேட்டரிக்குக் கிராஃபீன், சங்கிலிக்கு மாலிப்டினம் மசகு. நான் அனுப்பிய பன்னிரண்டு மாதிரிகளும் அவர்களுக்குப் பிடித்துவிட்டன. “வியாழக்கிழமை எங்க பரிசோதனை அம்மா நேர்ல வருவாங்க. அவங்க முன்னாடி மூணு தடவை செய்து காட்டுங்க. மூணும் ஒரே மாதிரி வந்தா ஒப்பந்தம்” என்றார்கள்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். வருகிறவர் சமையலறையில் நின்று பார்த்தால் நன்றாக இருக்குமா? கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, மிக்ஸியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அதுவரை எடுத்துக்கொண்டிருந்த சமையலறைச் சோப்பைக் கொட்டகைக்குக் கொண்டுபோனால் அத்தை முகம் சுளிப்பார் என்று அதே கம்பெனியின் அதே எலுமிச்சை வாசனைப் பாட்டில் ஒன்று புதிதாக வாங்கினேன். செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தேன்.

சரியாக வந்தால், தொட்டியில் சுற்றி எடுத்த பாட்டிலின் மேல்பாகம் மை மாதிரி கறுப்பாக இருக்கும், ஒரு மணி நேரம் நின்றாலும் தெளியாது. அன்று அடியில் சேறு. மேலே துணி அலசிய தண்ணீர்.

மறுபடி செய்தேன். சேறு. தண்ணீரை மாற்றினேன். சேறு. கத்தியைத் தீட்டினேன். அரைக்கும் நேரத்தைக் கூட்டினேன். சேறு.

“இடம் மாத்தினது அதுக்குப் பிடிக்கல போல” என்றார் மாமா, மிக்ஸியைத் தடவிக்கொண்டே. “லிஃப்ட்டும் அப்படித்தான். ஒரு கட்டடத்துல நல்லா ஓடும். இன்னொண்ணுல மாட்டினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும்.”

“மாமா, அது மிக்ஸி.”

“மோட்டார் மோட்டார்தானம்மா.”

வேறு வழி தெரியாததால் புதன்கிழமை எல்லாவற்றையும் மறுபடி சமையலறைக்குத் தூக்கினோம். மிக்ஸி, கிராஃபைட், புதுச் சோப்புப் பாட்டில். என் நோட்டில் ஒவ்வொரு முறையும் என்னென்ன இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீரின் சூடு, கிராஃபைட்டின் எடை, நிமிடம், நொடி. எந்த ஜன்னல் திறந்திருந்தது என்பதுகூட இருக்கிறது. முதல் நல்ல மாதிரி வந்த நாளின் பக்கத்தில், “அத்தை தங்கையுடன் போனில் சண்டை” என்று ஓரமாக ஒரு குறிப்பு.

மாமா அதைப் படித்தார். திரும்பி அத்தையைப் பார்த்தார்.

“என்ன பார்க்கறீங்க?”

“தங்கச்சிக்கு ஒரு போன் போடேன்.”

“எதுக்கு?”

“சண்டை போடு.”

“சும்மா எப்படிங்க சண்டை போடறது? ஒரு காரணம் வேணாமா?”

“இத்தனை நாளா காரணத்தோடவா போட்டே?”

அத்தை அவரை முறைத்துவிட்டுப் போனை எடுத்தார். “இந்தா, நான்தான். அன்னைக்கு ஒண்ணு சொன்னியே... என்ன சொன்னியா? என் பையன் கல்யாணத்துக்கு நீ கட்டிட்டு வந்த புடவையை நான் குறை சொன்னேன்னு... ஆமா, முடிஞ்சுபோச்சு, தெரியும். ஆனா குறைதான் அது!” அதற்குமேல் சண்டைக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. அசல் சண்டையைவிட நன்றாகவே போனது. மிக்ஸியும் ஓடியது.

சேறு. அத்தைக்கும் தங்கைக்கும் மட்டும் பேச்சுவார்த்தை நின்றது.

எல்லாவற்றையும் மறுபடி கொட்டகைக்கே கொண்டுபோய் வைத்தோம். வியாழக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதனை அம்மா வந்தார். ஒல்லியான ஆள். கையில் ஒரு பை, பைக்குள் நாலு பக்கப் படிவம், காலில் வெள்ளை ஷூ. நான் அந்த ஷூவைப் பார்த்த மாத்திரத்தில் கிராஃபைட் டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

“நாலு மணிக்கு எனக்கு பஸ். ஆரம்பிக்கலாமா?” என்றார்.

அரை லிட்டர் தண்ணீர். இருபது கிராம் கிராஃபைட். இரண்டு பெரிய கரண்டி சோப்பு. ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் ஓய்வு, இல்லாவிட்டால் மிக்ஸி சூடாகிவிடும். மூன்றாவது நிமிடத்தில் மூடியின் ஓரத்தில் சாம்பல் நிற நுரை எட்டிப் பார்த்தது. நான்காவது நிமிடத்தில் மூடி எழும்பியது. நுரை மேஜையில் இறங்கி, மேஜையிலிருந்து நிதானமாக, யாரையோ தேடுகிறமாதிரி வழிந்து, வெள்ளை ஷூவின் மேல் போய் உட்கார்ந்தது.

“பரவாயில்ல” என்றார் அவர். அந்தச் சொல்லை அத்தனை குளிர்ச்சியாக நான் கேட்டதில்லை.

மாமா தொட்டியைச் சுழற்றினார். கொட்டகை வழக்கம்போல நகர்ந்தது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சேறு.

பரிசோதனை அம்மா படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். “ஏன் இப்படி ஆச்சுன்னு நீங்க நினைக்கறீங்க?”

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது “ஏன்” என்று கேட்டுவிட்டால் என் சொந்தத் துக்கம் மறந்துபோகும்.

“மேடம், இது அச்சு அசலா சோப்பு கூடிப்போனா வர்ற சேறு. அளவா இருந்தா சோப்பு தாள்மேல போய் உட்காந்து காவல் காக்கும். அளவுக்கு மேல போனா மிச்ச சோப்பு தனித்தனியா உருண்டை கட்டிக்கும். குண்டு குண்டா ஆளுங்க பஸ்ல ஏறினமாதிரி வெச்சுக்குங்க. ரெண்டு தாளுக்கு நடுவுல உள்ள சந்துல அந்தக் குண்டு ஆளுங்க நுழைய முடியாது. ஆனா வெளிப்பக்கத்துல இருந்து எல்லாரும் நெருக்குவாங்க. நடுவுல ஆள் இல்ல, ரெண்டு பக்கமும் நெருக்கல். தாள் என்ன செய்யும்? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். போதாக்குறைக்கு நுரை. நுரைக்குள்ள கத்தி சும்மா சுத்தும், உரிக்காது.”

“சரி, அப்ப சோப்பைக் குறைங்க.”

“அதான் மேடம் புரியல! பன்னிரண்டு தடவையும் இதே ரெண்டு கரண்டிதான் போட்டேன். அதே சோப்பு. கரண்டிகூட அதேதான்.”

எனக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. மாமா கையிலிருந்த ஸ்பானர்.

“நான் டீ போட்டுக் கொண்டாறேன்” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். டீ போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. திரும்பி வரும்போது டீயும் இல்லை. கையில் சமையலறைச் சோப்புப் பாட்டில் இருந்தது, வேட்டி மடிப்பில் பாதி மறைத்தபடி.

“ம்மா, இதைப் போட்டுப் பாரேன்.”

“அதே சோப்புதான மாமா?”

“அதேதான். ஆனா இது... வீட்டுக்குப் பழகின பாட்டில்.”

எனக்கு வாதாடத் தெம்பில்லை. இரண்டு கரண்டி ஊற்றினேன். கரண்டியிலிருந்து அது விழுந்த விதமே வேறாக இருந்தது. புதுச் சோப்பு தேன் மாதிரி இறங்கும், இது சட்டென்று குதித்தது. நுரை மூடிக்குக் கீழேயே அடங்கியது. தொட்டியில் சுற்றி எடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். அப்படி ஒரு கறுப்பு. டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியவில்லை.

பரிசோதனை அம்மா அதில் கொஞ்சத்தை வடிதாளில் ஊற்றி, சோப்பு போக அலசி, முடி உலர்த்தும் மெஷினால் காயவைத்து, மின்சாரம் ஓடினால் சத்தம் போடும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். பீப்! அந்த நாளில் முதல்முறையாக அவர் புருவம் இறங்கியது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். கறுப்பு. பீப். இன்னொரு முறை. கறுப்பு. பீப். ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் நிற்கவைத்துப் பார்த்தார். மணி மூன்றாகிவிட்டது. அதற்குள் அத்தையும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார், உண்மையான டீயோடு.

“மூணு வந்துடுச்சு மேடம்” என்றேன்.

“வந்துச்சு. ஆனா ஏன் வந்துச்சு?” பேனாவின் மூடியை அவர் இன்னும் திறக்கவில்லை. “இந்தப் பாட்டில்ல இருந்து போட்டா வருது, அந்தப் பாட்டில்ல இருந்து போட்டா வரல. ரெண்டும் ஒரே சோப்புன்னு சொல்றீங்க. வீட்டுக்குப் பழகின பாட்டில்னு படிவத்துல எழுத முடியாது. காரணம் தெரியாத சரக்கை நான் எடுக்க முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க.”

படிவம் பைக்குள் போகத் தொடங்கியது. என் கண்ணுக்கு முன்னால் கான்கிரீட் கட்டிகள் வரிசையாக வந்து நின்றன.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அத்தையின் அண்ணன் சாப்பிட வந்தபோது தட்டில் பிசுக்கு இருந்தது. சோப்பில் தண்ணீர் கலந்தது மாமா என்று கண்டுபிடிக்கப்பட்டது. இனிமேல் ஒரு சொட்டுக் கலக்க மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் நுரை சரியில்லை என்று அத்தைக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. புருஷனைச் சந்தேகப்படக்கூடாது என்று கம்பெனியைச் சந்தேகப்பட்டார். மூன்று கம்பெனி மாற்றினார். போன மாதம் இப்போதுள்ள கம்பெனிக்குப் போன் செய்து, அங்கே பேசிய பெண்ணை இருபது நிமிடம் நிற்கவைத்துக் கேட்டார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு இரண்டு பாட்டில் இலவசமாக அனுப்பிவைத்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார்.

“நான்தான்.”

“என்ன நீங்கதான்?” என்றார் அத்தை.

“அஞ்சுல ஒரு பங்கு சோப்பு, நாலு பங்கு தண்ணி.” அத்தை பக்கம் திரும்பாமல், ஷூவைப் பார்த்தே சொன்னார். “பாட்டில் அட்டையில ஆணியால ஒரு கோடு கீறியிருக்கேன், பாருங்க மேடம். புது பாட்டில் வந்ததும் அந்தக் கோடு வரைக்கும் சோப்பை விட்டுட்டு மீதியை வேற பாட்டில்ல ஊத்திடுவேன். அப்புறம் கழுத்து வரைக்கும் தண்ணி. ஒரு தடவைகூட கோடு தப்பினதில்ல. முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவன் நான். தளத்துக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரு விரக்கடை வித்தியாசம் வந்தா ஆள் தடுக்கி விழுவாங்க. எதையும் குத்துமதிப்பா செய்ய மாட்டேன்.”

நான் என் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் இருந்தது. சண்டை இருந்தது. சோப்பின் அடர்த்தி இல்லை. கடையில் வாங்கிய பாட்டில், உள்ளே இருப்பது மேலே எழுதியதுதான் என்று நம்பி, ஒரு வருடமாக ஐந்தில் ஒரு பங்குச் சோப்பை இரண்டு கரண்டி என்று எழுதியிருக்கிறேன்.

“மீதி எங்க?” என்றார் அத்தை. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அது நல்லதில்லை.

மாமா லிஃப்ட் மோட்டாருக்குப் பின்னால் குனிந்து தகரப் பெட்டி ஒன்றை இழுத்தார். உள்ளே வரிசையாகப் பழைய தண்ணீர் பாட்டில்கள், கழுத்துவரை மஞ்சள் திரவம். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தது. முப்பத்தி நாலு.

“எதுக்குங்க இது?”

“மிச்சம்.”

“தண்ணிச் சோப்புன்னா ஒரு தட்டுக்கு அஞ்சு தடவை ஊத்தணும். பாட்டிலும் அஞ்சு மடங்கு வேகமா தீருது, அஞ்சு மடங்கு வாங்கறேன். இதுல என்ன மிச்சம்?”

மாமா பெட்டியைப் பார்த்தார். ஆறு வருடத்தில் இந்தக் கணக்கை அவர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இதற்கிடையில் பரிசோதனை அம்மா புதுப் பாட்டிலிலிருந்து ஒரு பங்கு, குழாயிலிருந்து நாலு பங்கு அளந்து கலந்துவிட்டார். “இதைப் போட்டு ஓட்டுங்க” என்றார். ஓட்டினேன். மாமா சுழற்றினார். கறுப்பு. அடுத்து மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கி அவரே அதே மாதிரி கலந்தார். கறுப்பு. பீப்.

“இது காரணம்” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். “சோப்பு, ஒன்றுக்கு நான்கு என நீர்த்தது. இப்ப எழுதலாம்.” படிவத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். “சங்கிலி மசகு ஒண்ணு பாக்கி இருக்கே. அதை எங்கயாவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?”

“சமையலறையில, தண்ணித் தொட்டிக்குக் கீழ உள்ள அலமாரிக் கீல்ல மேடம். முன்னாடி திறந்தா தெருவுக்கே கேக்கும். பத்து மாசம் ஆச்சு, ஒரு சத்தம் இல்ல.”

எல்லோரும் சமையலறைக்குப் போனோம். அவர் அந்தக் கதவை நாற்பது தடவை திறந்து மூடினார். காதைக் கீலில் வைத்துக் கேட்டார். ஒன்றுமே இல்லை. “அருமை” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அத்தை மட்டும் அந்தக் கதவின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“சோப்பு இந்த அலமாரியிலதான இருக்கு” என்றார்.

“ஆமா அத்தை.”

“முன்னெல்லாம் பாத்திரம் கழுவற நேரம் போக, மிக்ஸி ஓடறப்ப மட்டும்தான் இவர் இந்தப் பக்கம் வருவார். அந்தச் சத்தத்துல கீல் சத்தம் கேக்காது. நான்கூட உனக்கு உதவிக்கு நிக்கறார்னு நினைச்சேன். இப்ப பத்து மாசமா எப்ப வந்தார், எப்ப போனார்னே எனக்குத் தெரியல.” என்னிடம் திரும்பினார். “இந்தக் கீலுக்குப் பழைய சத்தம் வரணும். நாளைக்கே.”

நான் ஆலைக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரி: வர இயலவில்லை, நன்றி. அதைப் போட்டுவிட்டு வந்து கீலோடு உட்கார்ந்தேன். சோப்பு போட்டுத் தேய்த்தேன், நீர்க்காததை. மண்ணெண்ணெய் விட்டேன். உப்புத்தாளால் சுரண்டினேன். பிரச்சினை என்னவென்றால், அந்தத் தாள்கள் ஒன்றோடொன்றுதான் ஒட்டாதே தவிர, இரும்போடு ஒட்டிக்கொண்டால் விடவே விடாது. சுரண்டச் சுரண்ட இன்னொரு தாள் வழுக்கிக்கொண்டு வந்து இடத்தை நிரப்புகிறது. பாருங்கள், எத்தனை அழகான ஏற்பாடு! அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

அத்தை மாமாவை உட்காரவைத்து, சோப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். “அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்க.” மாமா கேட்டார். அந்தப் பெண், “பரவாயில்லைங்க சார்” என்று சொல்லி இன்னும் இரண்டு பாட்டில் இலவசமாக அனுப்பினாள்.

முப்பத்தி நாலு பாட்டிலும் என் முதல் ஒப்பந்தத்துக்குப் போயின. கோடு கீறுவது இப்போது மாமாவின் அதிகாரப்பூர்வமான வேலை. கொட்டகையில் மட்டும் என்பது நிபந்தனை.

நேற்று மதியம் நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. திடீரென்று சமையலறையில் எட்டுப் பாத்திர மூடிகள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்கிற சத்தம். கீலுக்குப் பதிலாக, அலமாரிக் கதவின் உள்பக்கம் அத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டவை.

“யாருங்க அங்க?” முன்னறையிலிருந்து அத்தை.

ஒரு மூடி மட்டும் கடைசியாகக் கிணுகிணுத்து அடங்கியது.

“கீல் எப்படி ஓடுதுன்னு பார்த்தேன்” என்றார் மாமா.